சகாயம் சார் பெயரில் இருந்தவை

சகாயம் சார் காலமான செய்தி காலை எட்டரைக்கு அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கைகூப்பும் படங்கள் வரிசையாக இறங்கின. நடுவே நிர்வாகப் பிரிவிலிருந்து ஒரு கேள்வி: அவர் பெயரில் எத்தனை கன்டெய்னர்கள் உள்ளன? கணக்கு மூடும் படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டுமாம். அவரை அறிந்த நீங்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள். அவரும் முதலில் இதைத்தான் கேட்டிருப்பார்.

பல கணினிகளை ஒன்றாகக் கோத்த எங்கள் கிளஸ்டரில் கோப்புகளைச் சேமிக்கும் பகுதி அவர் பொறுப்பு. அவரவர் கோப்புகள் அவரவர் கன்டெய்னரில் இருக்கும். உரிமையாளரின் கணக்கை மூடினால் அவர் பெயரிலுள்ள கன்டெய்னர்களும் கூடவே அழியும். வேலையை விட்டுப் போகிறவர்கள் நாற்காலியைக்கூட ஒப்படைத்துவிட்டுப் போவார்கள், கன்டெய்னரை மறந்துவிடுவார்கள். கணக்கை மூடுவதற்குள் சார் அவர்களைக் கேட்டு அதைத் தன் பெயருக்கு மாற்றி வைத்துக்கொள்வார். ஆளைக் கேட்காமல் எதையும் அழிக்கவோ மாற்றவோ கூடாது என்பது சாரின் கட்சி.

ஒருமுறை இடம் நிரம்பி கிளஸ்டரே நின்றது. பழையதை அழித்துத் தள்ளச் சொன்னார் இயக்குநர். சார் ஸ்கூட்டரில் முத்தியால்பேட்டைக்குப் போனார். வேலையை விட்டு அங்கே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவருக்குக் கன்டெய்னர் நினைவே இல்லை. "அழிச்சிடுங்க சார்" என்றார்.

"உள்ள என்னா இருக்குதுன்னு பாத்துட்டுச் சொல்லு."

உள்ளே இருந்தவை, தொலைந்துபோனதாக அவர் வீட்டில் சொல்லி வைத்திருந்த கல்யாணப் படங்கள். மறுநாள் அவர் மனைவி சாருக்கு ஒரு டப்பா பலகாரம் கொடுத்தனுப்பினார். இயக்குநருக்கு ஒன்றும் வரவில்லை.

சார் இறந்த அன்று, நிர்வாகம் பதிலுக்குக் காத்திராமல் பத்து மணிக்கே அவர் கணக்கை மூடிவிட்டது. இந்த ஒரு வேலையில் அவர்கள் தாமதித்ததே இல்லை. உடனே செல்வி கூப்பிட்டாள். நான்கு ஆண்டுகளாகக் கடலரிப்பை அளந்துவரும் ஆய்வு மாணவி. அவளுடைய வழிகாட்டி வேறு ஊருக்குப் போனபோது, வழிகாட்டி பெயரில் இருந்த அந்த அளவுகள் அழியாமலிருக்க சார் அவளைக் கேட்டுத் தன் பெயருக்கு மாற்றி வைத்திருந்தார்.

"அண்ணா, என் டேட்டா சார் பேர்லதான இருந்துது?"

"வேற காப்பி வச்சிருக்கியா?"

"பாதிதாண்ணா."

பட்டியலைத் திறந்தேன். அவர் பெயரில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன். பிறகு மாற்றங்களின் பதிவைப் பார்த்தேன். கதிர்காமம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த கடைசி வாரத்தில் ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றியிருக்கிறார். செல்வியின் அளவுகள் செல்வி பெயரிலேயே பத்திரமாக இருந்தன. சொன்னதும், முதல் வேலையாக முழுக் காப்பி எடுக்கப் போனை வைத்துவிட்டாள்.

உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாமல் அவர் தன் பெயரில் காத்துவந்த மிச்சம் பதினொன்றும் இப்போது என் பெயரில். குறிப்பு எழுதும் இடத்தில் இரண்டு வரி: "உன்னைக் கேக்காமத்தான் மாத்தினேன். கேட்டா நழுவிடுவ."

நழுவியிருப்பேன். உரியவர்களுக்கே திருப்பிக் கொடுத்ததைக் கணக்கில் சேர்க்காவிட்டால், நான் அறிந்து அவர் தன் விதியை மீறியது அந்த ஒருமுறைதான். அதற்கு ஆளைச் சரியாகவே தேர்ந்தெடுத்திருக்கிறார்.

ஆக, அவரிடமிருந்து நான் வைத்திருப்பது எனக்குச் சொந்தமில்லாத பதினொரு கன்டெய்னர்கள். முதலாவதற்கு உரியவரின் முகவரியில் வேறொரு குடும்பம் இருக்கிறது. அவர் மகனோடு போய்விட்டார் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எந்த ஊர் என்று தெரியவில்லை. விசாரித்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். வருகிற ஞாயிறு மறுபடியும் போகிறேன்.