கட்டிப்பிடித்த சித்தப்பா

என் சித்தப்பா குத்துச்சண்டைக்காரர். சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் நடுவில் குத்துச்சண்டைக்கு ஏது நேரம் என்பார்கள். நெல் சாக்கில் மணலை நிரப்பிப் புளியமரத்தில் தொங்கவிட்டு அவர் குத்துவார். பின்னால் நின்று சாக்கை ஆடாமல் பிடித்துக்கொள்வது என் வேலை.

தஞ்சாவூர்ப் போட்டியில் ஜெயித்தால் போலீஸ் வேலைக்கு வழியுண்டு, தோற்றால் துபாய் என்று வீட்டில் பேச்சு. விசா வந்துவிட்டிருந்தது. சித்தப்பா போகக் கூடாது என்று எட்டு வயதில் எனக்குத் தெரிந்த சாமிகளிடமெல்லாம் பேரம் பேசி வைத்திருந்தேன்.

முதல் ரவுண்டில் சித்தப்பா வெளுத்து வாங்கினார். இரண்டாவதில் தாடையில் ஒன்று விழுந்தது, அவ்வளவுதான். அடித்தவனையே போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டார். நடுவர் நடுவில் கையை விட்டு "பிரேக்" என்பார், சித்தப்பா விடுவார், அடி விழும், மறுபடி கட்டிப்பிடிப்பார். "தாலியக் கட்டிக் கூட்டிட்டுப் போப்பா" என்றார் பின்னால் இருந்த ஒருவர். எனக்கு மானமே போய்விட்டது. சித்தப்பா தோற்றுப்போனார்.

அடித்தவனைப் போய் ஏன் கட்டிப்பிடித்தீர்கள் என்று பஸ்ஸில் கேட்டேன். வீங்கிய உதட்டோடு சிரித்தார்.

"காலு நிக்கல பாப்பா. விழாம இருக்கணும்னா எதையாச்சும் புடிச்சிக்கணும்ல? கொஞ்ச நேரம் புடிச்சா மூச்சு வந்துடும்."

நல்ல சப்பைக்கட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

புறப்படும் நாளில் வேன் வாசலுக்கு வந்து நின்றது. அப்பா தம்பியோடு அளந்துதான் பேசுவார். சண்டை சோறு போடுமா என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டு ஆண்கள் ஒருவரையொருவர் தொட்டும் பார்த்ததில்லை. அந்த அப்பா சட்டென்று போய்ச் சித்தப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். விடவேயில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். எல்லோரும் சும்மா நின்றார்கள். இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. இருவருக்கும் நடுவில் கையை விட்டு, நடுவரைப் போலவே விறைப்பாக, "பிரேக்" என்றேன்.

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். சித்தப்பா என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு வேனில் ஏறிக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வேன் வாய்க்கால் பாலம் தாண்டி மறைந்த பிறகும் அப்பா வாசல் படலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். படல்தான் ஆடவில்லையே, அதை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் புரியவேயில்லை.