விசிறி சுற்றாத விமானம்

ஆகாயத்தில் போய்க்கொண்டிருந்த விமானத்தை ஒற்றை விரலால் நிறுத்திவைத்த ஆள் தமிழ்நாட்டில் ஒருவர்தான் உண்டு. கள்ளக்குறிச்சி கடைவீதியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த சாதுல்லா பாய். இதில் கொஞ்சம் மிகை இருக்கிறது, மறுக்கவில்லை. விமானம் நிற்கவில்லை, அதன் மூக்கில் சுற்றுகிற விசிறி மட்டும்தான் நின்றது. அதுவும் படத்தில் மட்டும். ஆனால் நின்றுபோன அந்த விசிறி அவருக்குக் கொடுத்த தலைவலி நிஜம். அதில் ஒரு குன்றிமணி அளவுகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

எழுபத்து நான்காம் வருஷம். கோமுகி அணைக்குக் கீழே இருந்த கரும்பில் தத்துப்பூச்சி விழுந்து, தோகையெல்லாம் கரி பூசினாற்போல ஆகிவிட்டது. மருந்தடிக்கச் சர்க்கரை ஆலைக்காரர்கள் ஒரு விமானத்தை வரவழைத்தார்கள். புதியது அல்ல. மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரட்டை இறக்கை வைத்து, மஞ்சள் வர்ணம் அடித்த கிழட்டு விமானம். வெள்ளைக்காரன் சண்டைக்காலத்தில் ஓட்டி ஓய்ந்தது என்று பேசிக்கொண்டார்கள். பொட்டல் ஒன்றைச் சமன்செய்து அது இறங்க இடம் பண்ணியிருந்தார்கள். அதைப் பார்க்கக் கல்வராயன் மலையிலிருந்து ஜனங்கள் சோற்று மூட்டையோடு இறங்கி வந்தார்கள். ஒருமுறை பார்த்தவர்கள் மறுநாள் மாமியாரையும் கூட்டிவந்தார்கள்.

சாதுல்லாவுக்கோ அந்த விமானம் வேடிக்கைப் பொருளாக இல்லை. அது அவருடைய பெயரைத் தூக்கி நிறுத்த வந்ததாகவே பட்டது. ஏனென்றால் அப்போது அந்தப் பெயர் தரையில் கிடந்தது.

அதற்குக் காரணம் பென்சில். நெகட்டிவைச் சாய்வுக் கண்ணாடியில் வைத்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பை மறைப்பது ஸ்டுடியோக்காரர்கள் எல்லாரும் செய்கிற வேலை. சாதுல்லாவின் கை அதோடு நிற்கவில்லை. மீசை கம்மியாக இருந்தவருக்கு மீசை. வழுக்கைக்கு முடி. கல்யாணத்துக்குக் காட்டுகிற பெண்ணின் படமென்றால், கேட்டவர்களுக்கு ஒரு வடம் சங்கிலி, கேட்காதவர்களுக்கு அன்பாக இரண்டு வடம்.

சங்கராபுரத்துப் பக்கம் கூலி வேலை செய்த பாவாடையின் மகள் சின்னப்பொண்ணுக்கு அப்படி இரண்டு வடம் போட்டுவிட்டார். படத்தைப் பார்த்து வந்த மாப்பிள்ளையின் தாய், பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் கழுத்தையே பார்த்தாள். சங்கிலி எங்கே என்று கேட்டாள். அதோடு அந்தச் சம்பந்தம் போயிற்று. மறுநாள் பாவாடை ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றார். சண்டை போடவில்லை.

"எங்க வூட்ல இல்லாதத நீ எதுக்கு பாய் போட்ட? அவ கழுத்து வெறுமையாத்தான் இருந்துச்சு. அதுவே நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அந்தப் பேச்சு ஊரைச் சுற்றிவிட்டது. கல்யாணத்துக்குப் படம் பிடிக்கிறவர்கள் திருக்கோவிலூருக்குப் பஸ் ஏறினார்கள். சாதுல்லாவுக்கு வியாபாரம் படுத்ததைவிட, பாவாடையின் கடைசி வாக்கியம்தான் நெஞ்சில் கிடந்து உறுத்தியது. பென்சில் படாத ஒரு படம். ஊரே நம்புகிற ஒரே ஒரு படம். அதை எடுத்துவிட்டால் போதும் என்று இருந்தார்.

விமானம் வந்த முதல் நாளே கரும்புக் கொல்லைக்குப் போய் ஒரு படம் எடுத்தார். இருபது வருஷமாக அவர் வாயில் இருந்த ஒரே மந்திரம், "அசையாதீங்க" என்பது. விமானத்திடம் அதைச் சொல்ல முடியாது. ஆகவே காமிராவை அதன் உச்ச வேகத்தில், நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கில் வைத்து அமுக்கினார். கழுவிப் பார்த்தால் விமானம் சித்திரம்போல் துல்லியமாக விழுந்திருந்தது. இறக்கைக்கு நடுவே இழுத்துக் கட்டியிருந்த கம்பியைக்கூட எண்ணலாம். பெரிதாகப் போட்டு வாசல் கண்ணாடிப் பெட்டியில் மாட்டினார்.

எதிரே டீக்கடையிலிருந்து நாலு பேர் கிளாஸோடு வந்து பார்த்தார்கள்.

"இன்னா பாய், காத்தாடி சுத்தாம நிக்குது?"

"சுத்தாம எப்டிய்யா பறக்கும்? பொம்மய நூலுல கட்டித் தொங்க வுட்டுகிறாரு."

"நூல பென்சிலால மறச்சிட்டாரு. பாய்க்கு அது இன்னா பெரிய வேலையா?"

காமிராவின் வேகத்தில் சுற்றுகிற விசிறியும் நின்றதுபோலத்தான் தெரியும் என்று சாதுல்லா விளக்கினார். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு டீயைக் குடிக்கப் போனார்கள்.

மறுநாள் ஆலையின் கரும்பு ஆபீசர் ஆதிமூலம் வந்தார். அடுத்த வருஷக் காலண்டருக்கு விமானப் படம் தேடிக்கொண்டிருந்தவர். படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"பாய், விசிறி நின்னுபோனா விமானம் கரும்புல விழுந்திருக்கணும். விழலையே. இத காலண்டர்ல போட்டா விவசாயிங்க சிரிப்பாங்க. நாளை மறுநாள் விமானம் கிளம்பிடும். விசிறி சுத்தற மாதிரி, பென்சில் படாம ஒண்ணு குடுங்க. நெகட்டிவோட எடுத்துட்டு வாங்க. கீழே உங்க பேரையும் போடச் சொல்றேன்."

கரும்பு போடுகிற ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு வருஷம் முழுக்கத் தொங்கப்போகிற பெயர். சாதுல்லா வீட்டுக்கு வந்ததும் மனைவி தாஹிராவிடம் சொன்னார். அவள் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "முன்னால ஒரு வட்டம் போட்டா சுத்தற மாதிரி ஆயிடும். உங்களுக்கு எவ்ளோ நேரம் ஆகப்போவுது?" என்றாள்.

அவருக்கு அது ஏற்கெனவே தோன்றியிருந்தது. அதனால்தான் கோபம் வந்தது. பென்சில் டப்பாவை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "ரெண்டு நாளைக்கு இத என் கண்ணுல படாம வை."

"ரெண்டு நாளு தாங்குவீங்களா?" என்று அவள் டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

உட்கார்ந்து யோசித்தார். விசிறி சுற்றுவது தெரிய வேண்டுமானால் காமிரா மெதுவாகத் திறந்து மூட வேண்டும். அறுபதில் ஒரு பங்கு வைத்தால் விசிறி வட்டமாகிவிடும். ஆனால் விமானமும் இழுவிய மைபோல் ஆகிவிடும். அப்படியானால் விமானம் போகிற வேகத்திலேயே காமிராவும் கூடப் போக வேண்டும். அசையாதே என்று உலகத்துக்கெல்லாம் சொன்னவர், இப்போது தாம் அசையக் கற்றுக்கொள்ள வேண்டும்.

கச்சிராயபாளையம் ரோட்டோரம் நின்று, ரோல் போடாத காமிராவை நெஞ்சில் வைத்துக்கொண்டு, வருகிற டவுன் பஸ்ஸைப் பார்த்தபடி அதோடு இடுப்பைத் திருப்பித் திருப்பிப் பழகினார். மூன்றாவது தடவை அதே பஸ் திரும்பி வந்தபோது கண்டக்டர் படியில் தொங்கியபடி, "இன்னா பாய், இடுப்பு புடிச்சிகிச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கடைசி நாள் காலையில் கொல்லைக்குப் போனார். அங்கே வரப்பின் முனையில் கொளஞ்சியப்பன் நின்றிருந்தார். நீளமான மூங்கிலில் வெள்ளைத் துணி கட்டி ஆட்டுவதுதான் அன்று அவருக்குக் கூலி வேலை. விமானி அந்தக் கொடியைக் குறிவைத்து வருவார். தலைக்கு மேலே போனதும் கொளஞ்சியப்பன் இருபது எட்டு தள்ளி நின்று மறுபடி ஆட்டுவார். ஒவ்வொரு தடவையும் மருந்துச் சாரல் இலவசம். தலையில் ஈரத்துண்டு கட்டியிருந்தார்.

"கிட்ட நிக்காத பாய். நாத்தம் தாங்காது."

"கிட்ட நின்னாத்தான் பெருசா வுழும் கொளஞ்சி."

ரோலில் பன்னிரண்டு படம். முதல் தடவை விமானம் மலைப் பக்கமிருந்து இறங்கி வந்தது. சாதுல்லா குனிந்து, காமிராவின் மேல்மூடிக்குள் தெரிகிற கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே திரும்பினார். விமானம் கண்ணாடியை விட்டு ஓடிப்போயிற்று. இரண்டாவது முறையும் அப்படியே. அந்தக் காமிராவின் கண்ணாடியில் இடது வலதாகவும் வலது இடதாகவும் தெரியும். உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளை பெண்ணை எடுக்க அது ஒரு பொருட்டில்லை. பறக்கிறதைத் துரத்தும்போது, விமானம் கிழக்கே போனால் இவர் இடுப்பு மேற்கே போயிற்று.

"அது அந்தாண்ட போவுது, நீ இந்தாண்ட போற. யாரத் தேடற பாய்?"

சாதுல்லா அடுத்த எண்ணுக்கு ரோலைத் திருகினார். நான்கு, ஐந்து, ஆறு. எண்ணிக்கை காட்டுகிற சிறு சிவப்புச் சன்னலில் ஒவ்வொரு எண்ணாகக் கடந்துபோயிற்று. சின்னப்பொண்ணின் வெறும் கழுத்து ஞாபகம் வந்தது. பதினொன்று முடிந்தபோது கொல்லையிலும் மருந்தடிக்கக் கடைசி ஒரு பட்டைதான் பாக்கி. இன்னும் ஒரே தடவைதான் விமானம் வரும்.

அவர் மேல்மூடியை அறைந்து மூடினார். கண்ணாடியே வேண்டாம். காமிராவை நெஞ்சோடு அழுத்திப் பிடித்து, காலை அகட்டி நின்றார். விமானம் கரும்புத் தோகையை உரசுகிற உயரத்தில் வந்தது. அதன் மூக்கை ஒரு கணமும் விடாமல், இமை கொட்டாமல் பார்த்தபடியே கூடத் திரும்பி, சரியான நொடியில் அமுக்கினார் என்பது சாதுல்லாவின் கணக்கு. மஞ்சள் வயிறு தலைக்கு மேலே போயிற்று. கரும்பெல்லாம் ஒரு பக்கமாகப் படுத்து எழுந்தது.

மத்தியானம் ரோலைக் கழுவினார். சாயங்காலம் நெகட்டிவோடும் ஈரம் காயாத படத்தோடும் ஆதிமூலத்தின் அறையில் நின்றார். பென்சில் தொடவில்லை என்பதற்குச் சாட்சியாகக் கொளஞ்சியப்பனையும் கூட்டிவந்திருந்தார்.

ஆதிமூலம் நெகட்டிவைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். பென்சில் பட்ட இடம் சாய்த்தால் பளபளக்கும். அது அவருக்குத் தெரிந்திருந்தது. எந்த இடமும் பளபளக்கவில்லை. படத்தில் கரும்பு கோடு கோடாகக் கரைந்து ஓட, நடுவில் விமானம் மட்டும் அசையாமல் இருந்தது. அதன் மூக்கில் விசிறி ஒரு பனிவட்டமாகச் சுற்றியது.

"சுத்தம்" என்றார் ஆதிமூலம். ஒரு துண்டுக் காகிதத்தில் 'படம்: சாதுல்லா, கள்ளக்குறிச்சி' என்று எழுதி, படத்தோடு குத்தினார். "அச்சுக்கு நாளைக்கே போயிடும். ஆமா, இத எப்படிப் பிடிச்சீங்க பாய்?"

சாதுல்லா அந்தக் காகிதத்தைப் பார்த்தார். இரண்டு நாளாகப் பென்சிலோடு சேர்த்துக் கட்டிவைத்திருந்த வாய் அவிழ்ந்துவிட்டது. "கண்ணு இருக்குதுங்களே சார். ஒரே தடவதான் பாத்தேன், ஒரே அமுக்கு. வுழுந்துடுச்சு."

கொளஞ்சியப்பன் தலைத்துண்டை அவிழ்த்து உதறினார்.

"ஒண்ணு இல்லீங்க சார், பன்னெண்டு. மீதி பதினொண்ணுலயும் வானந்தான் இருக்குது, வேணும்னா பாருங்க. கடைசித் தபா மருந்து மூஞ்சில அடிச்சி பாய் ரெண்டு கண்ணயும் மூடிக்கினாரு. நான் 'இப்ப'ன்னேன், அமுக்குனாரு."