ஒட்டுப்பால் பந்து

ஈப்போவில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில், தோட்டத்துச் சாமான்களைச் சேர்த்துச் சின்னதாக ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். படியேறியதுமே அந்த நாற்றம் வந்துவிட்டது. மேசைமேல் ஒட்டுப்பால் பந்து ஒன்று இருந்தது.

வெள்ளைக்காரன் காலத்தில், நான் சிறுமியாக இருந்தபோது, சிலிம் ரிவர் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளெல்லாமே இப்படித்தான் நாறும். மரத்து வெட்டில் காய்ந்து ஒட்டும் ரப்பர் பால், அந்த ஒட்டுப்பாலும், துரைக்குத்தான் சொந்தம். உரித்து எடைக்குக் கொடுத்துவிட வேண்டும். அம்மா அதில் தினமும் ஓர் இழையைக் கொண்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தம்பிக்குப் பந்து சுற்றினாள். தரையில் தட்ட மட்டும் விடமாட்டாள். லயத்தில் வீட்டுக்கு வீடு நடுச்சுவர் வெறும் பலகை. சத்தம் கேட்டால் கங்காணி காதுக்குப் போய்விடும். தம்பி பாயில் உருட்டித்தான் விளையாடினான்.

ஒட்டுப்பால் குறைகிறது, கங்காணி வீடு வீடாகச் சோதனை போடப்போகிறார் என்று பேச்சு வந்தது. அன்றைக்கே அம்மா பந்தைப் பிரிக்க உட்கார்ந்தாள்.

"பெருசா சுத்தப் போறியாம்மா?" என்று கேட்டான் தம்பி.

"ஆமாய்யா," என்றாள் அவள், தலை நிமிராமல்.

மறுநாள் அந்த இழைகளெல்லாம் எடைக்குப் போயின. தம்பி ரொம்ப நாள் அவள் கொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தொட்டுப் பாருங்கம்மா, ஒண்ணும் ஆகாதுலா," என்றாள் அருங்காட்சியகத்துப் பெண். நான் தயங்கவும், அவளே பந்தை எடுத்துப் பலகைத் தரையில் ஓங்கித் தட்டினாள்.

அது எவ்வளவு உயரம் எழும்பியதோ, நான் பார்க்கவில்லை. சத்தம் கேட்டதும் பக்கத்துச் சுவரைத்தான் பார்த்தேன்.