நான் வந்தால் அணையும் கணினி

மலேசியாவில் பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் கிராணியாக, கணக்கும் பதிவேடும் எழுதுகிறவனாக, இருக்கிறேன். எங்களுக்குத் தந்திருப்பது பழைய பலகை வீடு. தரையும் பலகைதான். நான் நடந்தால் அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். மனைவி அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

மகள் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் படித்தபோது அவள் அறையில் ஒரு பழைய கணினியை வாங்கி வைத்தோம். இரண்டாம் மாதமே அது தானாக அணைந்து மறுபடியும் தொடங்க ஆரம்பித்தது. எழுதிக்கொண்டிருந்த பாட வேலை பாதியில் போய்விடும். முதலில் நானும் அவளுக்காகத்தான் வருத்தப்பட்டேன். வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தேன். பெட்டியைத் திறந்து தூசி ஊதினேன். மெமரி அட்டையைக் கழற்றி ரப்பரால் துடைத்துப் போட்டேன்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். நான் அறைக்குள் காலை வைக்கும்போதுதான் திரை கறுப்பாகிறது. மனைவி காப்பி கொண்டுபோய் வைத்தால் ஒன்றும் ஆவதில்லை.

அந்த வருடம்தான் எங்கள் தோட்டத்தில் ஒரு பெண், இணையத்தில் பழகிய யாரையோ நம்பி வீட்டை விட்டுப் போயிருந்தாள். அவள் அப்பா என்னோடு வேலை செய்பவர். அவர் முகத்தை நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா, நான் வந்தா மட்டும் ஏன் அணைஞ்சு போவுது?"

"எனக்கு எப்படிப்பா தெரியும்? நீங்க வரும்போதுதான் அது செத்துப் போவுது."

உண்மையை அவள் அன்றே சொல்லிவிட்டாள். நான் அதை வாய்த்துடுக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

கணினியைத் தூக்கிக்கொண்டு செர்டாங்கில் கணினி பழுதுபார்க்கும் பாய் கடைக்குப் போனேன். மூன்று நாள் ஓடவிட்டுப் பார்த்தார்.

"ரோசாக், பழுது ஒண்ணும் இல்லண்ணே. படம் போட்டு, கேம் போட்டு எல்லாம் பாத்துட்டேன். ஒரு தடவகூட அணையல. வீட்டுல யாரு யூஸ் பண்றா?"

"மக."

"அப்ப எங்கிட்ட ஏன் கொண்டாந்தீங்க? மககிட்ட கேளுங்க லா!" என்று சிரித்தார்.

அவர் விளையாட்டாகச் சொன்னது எனக்குத் தீர்ப்பாகிவிட்டது. வீட்டுக்கு வந்து, கணினி தானே எழுதிவைக்கும் பதிவுகளை எடுப்பது எப்படி என்று இணையத்தில் படித்து, அவற்றைத் தேடி எடுத்தேன். முறையாக மூடப்படாமல் மறுபடியும் தொடங்கியது என்று வரிசையாக இருந்தது. இருபத்திரண்டு வருடமாகப் பதிவேடு பார்க்கிறவன் நான். எழுத்தில் இருந்தால் நம்பிவிடுவேன். திரையில் இருப்பதை நான் பார்த்துவிடாமல் இருக்க அவள்தான் சுவிட்சைத் தட்டுகிறாள் என்று முடிவு செய்தேன்.

அடுத்த முறை அணைந்தபோது என் தங்கை வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் முன்னாலேயே மகளிடம் கேட்டேன்.

"யாருகிட்ட பேசிக்கிட்டு இருந்த? சொல்லு."

"யாருகிட்டயும் இல்லப்பா. வரலாறு எழுதிக்கிட்டு இருந்தேன்."

"பொய் சொல்லாத!"

"அவ பொய் சொல்லமாட்டாங்க," என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை. திருப்புளியை எடுத்துவந்து மகள் அறைக் கதவைக் கீலிலிருந்து கழற்றினேன். தூக்கிக்கொண்டுபோய்ப் பின்கட்டில் சாத்திவைத்தேன். தங்கை தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வயதுப் பெண் அன்றிலிருந்து உடை மாற்ற எங்கள் அறைக்கு வந்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்குமோ என்னவோ.

நான்கு நாள் கழித்து, மாலை. கூடத்திலிருந்து பார்த்தால் கதவில்லாத அறையில் அவள் முதுகு தெரிந்தது. திரையில் எழுத்துகள் வந்துகொண்டிருந்தன. எழுந்து போனேன். நிலையைத் தாண்டிக் காலை வைத்தேன். திரை கறுத்தது.

அவள் இரண்டு கைகளும் விசைப்பலகை மேல் இருந்தன.

அசையாமல் நின்றேன். கணினி தானாக மறுபடியும் தொடங்கி வந்தது. காலைத் தூக்கி அதே இடத்தில் வைத்தேன். என் கனத்தில் பலகை ஒரு விரற்கடை இறங்கியது. திரை மறுபடியும் கறுத்தது. அந்தப் பலகையின் மறுமுனையில்தான் மின்சார இணைப்புப் பெட்டி கிடந்தது, நான் வைத்த இடத்தில். தளர்ந்த துளையில் கணினியின் பிளக் ஆடிக்கொண்டிருந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"பாத்தீங்களாப்பா?" என்றாள்.

பலகைக்கு இரண்டு ஆணி, புது இணைப்புப் பெட்டி ஒன்று. அரைமணி நேர வேலை. அதன் பிறகு அது ஒருமுறைகூட அணையவில்லை. அன்றே கதவையும் மாட்டினேன். திருகாணி இரண்டு முறை கீழே விழுந்தது. அவள்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

"அப்பா தப்பு பண்ணிட்டேம்மா."

"பரவால்லப்பா."

அதற்குப் பிறகு அவள் அந்தக் கதவைச் சாத்தவே இல்லை. "சாத்திக்கோம்மா" என்று நானே சொன்னேன். காற்று வரட்டும் என்றாள். உடை மாற்ற எங்கள் அறைக்கே வந்தாள். படிப்பு முடிந்து தெற்கே பல்கலைக்கழகத்துக்குப் போகும்வரை அப்படித்தான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதியிலிருந்து வீடியோவில் அழைக்கிறாள். நன்றாகத்தான் பேசுகிறாள், சிரிக்கிறாள். ஆனால் அழைப்பை எடுத்ததும் முதலில் அவள் முகம் வருவதில்லை. கைப்பேசியை மெல்லச் சுற்றிக் காட்டுகிறாள்: கட்டில், மேசை, அலமாரி, சன்னல், கதவு. அறையில் வேறு யாரும் இல்லை. அதன் பிறகுதான், "அப்பா, சாப்டீங்களா?" என்கிறாள்.

காட்டச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு இன்னும் வாய் வரவில்லை.