ஏ டிவிஷனில் எங்கள் கடைசி ஆட்டம்

எங்கள் அப்பா ஒரு பந்தைக்கூட ஒழுங்காக உதைத்தவர் கிடையாது. ஆனால் சனிக்கிழமை ஆட்டத்தில் கத்திவிட்டு வந்தால், திங்கட்கிழமை காலை வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு ஆள் கூடும்வரை அவருக்குத் தொண்டை இருக்காது. குழம்பு வேண்டும் என்பதைக்கூடக் கையைக் காட்டித்தான் கேட்பார். வாரத்தில் ஒரு நாளாவது வீடு அமைதியாக இருக்கிறதே என்று அம்மாவுக்கு அதில் உள்ளூரச் சந்தோஷம்.

ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் போகிற பாதையில், மலையை ஒட்டிக்கொண்டிருந்தது எங்கள் தோட்டம். அங்கே ஒரு வாளித் தண்ணீரை நேராக வைக்கவே இடம் தேட வேண்டும். சமதரை என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான், கிரவுண்டு. எங்கள் டீம் மாவட்ட லீக்கில் ஏ டிவிஷனுக்கு ஏறிய வருடம் அப்போது தோட்டத்தை நடத்திய துரை மனம் குளிர்ந்து, சரிவை வெட்டி நிரவிக் கொடுத்த நிலம் அது. கல்யாணப் பந்தல் அங்கேதான் போடுவோம். தேர்த் திருவிழாவில் கூத்து அங்கேதான். மழை பலத்துப் பெய்தால், எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் இருக்கும் மலையை நம்பாதவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடுவதும் அங்கேதான்.

பிறகு வந்த துரைக்குப் பந்து பிடிக்காது, மிளகு பிடிக்கும். ஏ டிவிஷனில் விளையாடும்வரை கிரவுண்டு உங்களுக்கு, இறங்கினால் மிளகுக் கன்றுக்கு என்று அவர் சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்கவில்லை. கொடி ஏறுவதற்கான கிளிசீரியாக் கம்புகளை வெட்டி, கோல் கம்பத்துக்குப் பக்கத்திலேயே அடுக்கியும் வைத்துவிட்டார். அந்த வருடம் முழுக்க எங்கள் கோல்கீப்பர் அந்தக் கம்புக் குவியலைப் பார்த்துக்கொண்டேதான் பந்து பிடித்தார். பந்து நிறையத் தடவை அவரைத் தாண்டிப் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று அப்பா சொல்வார்.

அவருக்கு இன்னும் பல காரணங்கள் இருந்தன. தோல்வி தொடங்கிய நாளில் முகம் மழித்ததுதான் காரணம் என்று தாடி வளர்த்தார். அடுத்ததிலும் தோற்றதும் தாடிதான் காரணம் என்று மழித்தார். ஒரு சட்டையை ராசியான சட்டை என்று துவைக்க விடாமல் வைத்திருந்தார். அம்மா அதை மூங்கில் குச்சியால் தூக்கிக் கொடியில் போடுவாள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய வருடம். எனக்கு வாய்ப்பாடு தடுமாறும். எந்த டீமுக்கு எத்தனை புள்ளி என்பது மட்டும் தலைகீழாகத் தெரியும். ஆட்டத்துக்கு ஆட்டம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்வந்த பிள்ளை நான்.

கடைசி ஆட்டம் எங்கள் கிரவுண்டில். ஜெயித்தால் நாங்கள் தங்குவோம், எங்களுக்கு மேலே இருந்த டீம் இறங்கும். சமனில் முடிந்தால்கூடப் போதாது. எதிரில் விளையாட வேண்டியவர்கள் ரிவர்ஸ்டன் மேட்டைத் தாண்டி அந்தப் பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பையன்கள். பலசாலிகள். இறங்கும் பயமும் இல்லாதவர்கள். எங்கள் கெப்டன் அம்மாவின் தம்பி, என் மாமா. அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். கோல் போட்டால்கூட யாரிடமோ மன்னிப்புக் கேட்பவர்போலத் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வருவார்.

முதல் நாள் தொடங்கிய மழை காலையில்தான் விட்டது. மலையெல்லாம் பனி இறங்கிக் கிடந்தது. எங்கள் பதினொரு பேரும் பச்சை ஜெர்சியோடு நின்றார்கள். மாத்தளை டவுனிலிருந்து ரெபரி வந்திருந்தார். வயதான முஸ்லிம் மனிதர், குடையும் விசிலுமாக நின்றார். நேரம் வந்தது, எதிர் டீம் வரவில்லை. அப்படி நேர்ந்தால் அரை மணித்தியாலம் காத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்குள் வராவிட்டால், ஜெர்சியோடு கிரவுண்டில் நிற்கிற டீமுக்கு விளையாடாமலே வெற்றி. வாக்கோவர் என்பார்கள். அப்பாவின் முகத்தில் மெதுவாக வெளிச்சம் பரவுவதைப் பார்த்தேன்.

மேலே போன பஸ் திரும்பி வந்து பாதையோரம் நின்றது. கொண்டக்டர் இறங்கி வந்தார்.

"மேல வளைவுல மண்ணு சரிஞ்சு ரோட்ட மூடிருச்சு. அந்தப் பக்கம் ஒரு லொறி நிக்குது போல. மெச்சுக்குப் போற லொறின்னு சத்தம் போடுறாங்க."

அவ்வளவுதான். கிரவுண்டு முழுக்கக் கூச்சல். அப்பா தொப்பியை வானத்துக்கு எறிந்தார். தப்பு அடிக்கிறவர் தப்பைத் தோளில் மாட்டினார். நான் குதித்த குதியில் என் செருப்பு எங்கேயோ போய் விழுந்தது. அம்மன் கண்ணைத் திறந்துவிட்டாள், மலையே எங்களுக்காக ஒரு கோல் போட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மாமா மட்டும் கொண்டக்டரிடம் போனார். "மண்ணுக்கு அடியில யாராச்சும் மாட்டியிருக்காங்களா?" என்று கேட்டார்.

"யாருக்குத் தெரியும்? பனியில ஒண்ணுமே பாக்க முடியல."

மாமா திரும்பித் தப்புக்காரரைப் பார்த்தார். எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எங்கே மண் சரிந்தாலும் துரையின் உத்தரவுக்கோ, கச்சேரியிலிருந்து வரும் அரசாங்க ஆட்களுக்கோ காத்திருப்பதில்லை. தப்பு ஒரு மாதிரி விட்டு விட்டு அடிக்கும். அதைக் கேட்டதும் கொழுந்து மலையில் இருப்பவர்களும் லயத்தில் இருப்பவர்களும் மம்பட்டியோடு கிளம்பிவிடுவார்கள். யார் போட்ட வழக்கம், எப்போது வந்தது என்றெல்லாம் நான் யோசித்ததில்லை. மழை, பனி மாதிரி அதுவும் எங்கள் ஊரில் இருக்கிற ஒன்று என்றே நினைத்திருந்தேன்.

ரெபரிக்கு விஷயம் புரிந்தது. "மகன், நீங்க போறதெண்டா எனக்கு வெற்றி எழுத ஏலா. நேரம் முடியக்குள்ள பதினொரு பேரும் இங்க நிக்கோணும். சட்டம் அப்பிடி" என்றார். சொல்லும்போது அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

அப்போதுதான் அப்பா முன்னால் வந்தார். மற்றவர்கள் போகட்டும், நீங்கள் பதினொரு பேர் மட்டும் நில்லுங்கள் என்றார்.

"மண்ணு வெட்டுற கையெல்லாம் இங்கதானே நிக்குது, மச்சான்" என்றார் மாமா.

உண்மைதான். சுற்றி நின்றது கிழவர்களும் பெண்களும் எங்களைப் போன்ற வாண்டுகளும். மற்ற ஆண்கள் கொழும்பிலும் தம்புள்ளைச் சந்தையிலும் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா விடவில்லை. "லொறி பத்திரமா நிக்குதுன்னுதானே சொல்றாங்க. ஒரு அரை மணித்தியாலம் பொறுங்க. பொறுத்தா என்ன கொறஞ்சு போகும்? அப்புறம் நானே மொத ஆளா வாறேன்."

யாரும் அப்பாவை எதிர்த்துப் பேசவில்லை. ஒருவரும் ஆமாம் என்றும் சொல்லவில்லை. கிழவர் ஒருவர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா சொன்னது எனக்கு ரொம்ப நியாயமாகத்தான் பட்டது. மாமா தப்புக்காரருக்குத் தலையை அசைத்தார். தப்பு விட்டு விட்டு அடிக்கத் தொடங்கியது. பச்சை ஜெர்சி எல்லாம் மேட்டுப் பாதையில் ஏறிப் பனிக்குள் மறைந்தது.

அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். அம்மா எங்கிருந்து வந்தாள் என்று தெரியவில்லை. வீட்டு மம்பட்டியை அவர் கையில் கொடுத்தாள். அதை வாங்கிக்கொண்டு அப்பா ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

வளைவில் ஒரு மரத்தோடு சேர்ந்து மலை இறங்கிப் பாதையில் உட்கார்ந்திருந்தது. ஆண்கள் வெட்ட, பெண்கள் கொழுந்துக் கூடையில் மண்ணை வாரிக் கீழே கொட்டினார்கள். அந்தப் பக்கத்திலிருந்தும் வெட்டும் சத்தம் கேட்டது. வெட்டிக்கொண்டே போனபோது சேற்றுக்குள் ஒரு செருப்பு தெரிந்தது. ஆண் செருப்பு, ஒற்றை.

அதைப் பார்த்ததும் அப்பா மம்பட்டியை எறிந்துவிட்டார். மம்பட்டி யார் மேலாவது பட்டுவிடும் என்ற பயம். மண்டியிட்டுக் கையால் தோண்டினார். நகம் பிய்ந்து ரத்தம் வந்தும் நிறுத்தவில்லை. "இந்தா வந்துட்டேன், இந்தா வந்துட்டேன்" என்று மண்ணைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே தோண்டினார். மாமா பிடித்து இழுத்தும் வரவில்லை. அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நான் அழ ஆரம்பித்தேன்.

நான் பெரியவளான பிறகு அம்மா சொல்லித்தான் எனக்கு மற்றது தெரியும். நான் பிறப்பதற்கு முன்னால், எங்கள் லயத்துக்குக் கீழே இன்னொரு லயம் இருந்திருக்கிறது. ஒரு மழையில் அதன்மேல் மலை இறங்கிவிட்டது. உள்ளே பெரியப்பா, அப்பாவின் ஒரே அண்ணன். மண்ணுக்கு அடியிலிருந்து தட்டும் சத்தம் கேட்டிருக்கிறது. அப்பா மம்பட்டியோடு பாய்ந்தபோது அன்றைய துரை தடுத்துவிட்டார். கையால் வெட்டினால் மேலே இருப்பதும் இறங்கிவிடும், டவுனிலிருந்து மெஷின் வருகிறது, ஒரு அரை மணித்தியாலம் பொறுங்கள் என்றாராம். துரை சொன்னால் பொறுக்கிற காலம் அது. அப்பா பொறுத்தார். மெஷின் பொழுது சாய்கிற நேரத்தில்தான் வந்தது. தட்டும் சத்தம் அதற்கு எவ்வளவோ முன்னாலேயே நின்றுபோயிருந்தது. தப்பு அடித்ததும் யாருடைய சொல்லுக்கும் காத்திருப்பதில்லை என்ற வழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

அன்றைக்கு வளைவில் மண்ணுக்கு அடியில் யாரும் இருக்கவில்லை. பாதை ஓர் ஆள் நுழையுமளவு திறந்ததும் அந்தப் பக்கத்துப் பையன்கள் சேறும் சகதியுமாக ஒவ்வொருவராக வந்தார்கள். அதில் ஒருவன் ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்தான். மண் இறங்கியபோது வழி பார்க்க முன்னால் நடந்து வந்தவன், உயிர் தப்பினால் போதும் என்று ஓடியதில் செருப்பை விட்டுவிட்டான். அவன் வெட்கத்தோடு சிரித்தான். அப்பா அந்தச் செருப்பைப் பாதையோரக் கானில் ஓடிய தண்ணீரில் கழுவி, குனிந்து, அவன் காலடியில் வைத்தார். அவன் பதறிப்போய், "ஐயோ மாமே, எப்பா, எப்பா" என்று, வேண்டாம் வேண்டாம் எனச் சிங்களத்தில் சொல்லி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

எல்லோரும் கிரவுண்டுக்கு இறங்கியபோது ரெபரி இன்னும் குடையோடு அங்கேயே நின்றார். நேரம் முடிந்தபோது இரண்டு டீமுமே கிரவுண்டில் இல்லாததால் யாருக்கும் வெற்றி எழுத முடியாது, வந்துவிட்டீர்கள், விளையாடுங்கள் என்றார். எதிர் டீம் கெப்டன் ஓரமாகப் போய் மாமாவிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டான். தாங்கள் வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கட்டுமா என்று கேட்டிருக்கிறான். மாமா வேண்டாம் என்றார். இதற்கா அவ்வளவு மண்ணை வெட்டினோம் என்றாராம்.

அப்படி ஓர் ஆட்டத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. எங்கள் ஆட்களுக்குக் கை கால் விழுந்துபோயிருந்தது. அவர்களுக்கோ கோல் போட மனம் வரவில்லை. கோலுக்கு நேராகப் பந்து கிடைத்தாலும் பக்கத்தில் இருப்பவனுக்குத் தள்ளிவிட்டார்கள். அதிர்ந்து பேசாத மாமா அன்றைக்குத்தான் கத்தினார், ஒழுங்காக விளையாடுங்கடா என்று, சிங்களத்திலும் தமிழிலும். அதன் பிறகு ஒழுங்காகத்தான் விளையாடினார்கள். முடிகிற நேரத்தில் மாமாவுக்கு ஒரு பந்து அழகாக வந்தது. எதிரில் கோல்கீப்பர் சேற்றில் விழுந்து கிடந்தான். மாமா ஓங்கி உதைத்தார். ஊன்றிய கால் வழுக்கியது. பந்து கம்பத்தில் பட்டு, மிளகுக் கம்புக் குவியலுக்குள் போய் விழுந்தது.

பூச்சியத்துக்குப் பூச்சியம். ரெபரி விசிலை ஊதிவிட்டு, எங்கள் பையன்கள் ஒவ்வொருவரின் தலையிலும் கை வைத்துவிட்டுப் போனார். மிளகுக் கன்று அடுத்த மழைக்கே வந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் டீம் விளையாட இடம் இல்லாமல் கலைந்தும் போனது. இன்றைக்கும் அங்கே மிளகு நன்றாகக் காய்க்கிறது.

அன்று எல்லோரும் போன பிறகும் அப்பா கோல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் அம்மாவின் முந்தானைத் துணி சுற்றியிருந்தது. வழக்கமாக இந்த நேரம் தொண்டை கட்டியிருக்கும். அன்றைக்கு ஆட்டம் முழுக்க அவர் ஒரு சத்தமும் போட்டிருக்கவில்லை. லயத்து ஆட்கள் அவரைக் கடந்து போனார்கள். அவர் சொன்னதை யாரும் அன்றும் சொல்லிக் காட்டவில்லை, பிறகும் சொல்லிக் காட்டவில்லை. கிழவர் மட்டும் போகிற போக்கில் அவர் தோளைத் தொட்டார். அப்பா முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் டீமைப் பற்றித் தெரிந்தவள் நான், ஆறுதல் சொல்ல வேண்டியவளும் நான்தான் என்று தோன்றியது. பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவினேன்.

"அழாதீங்கப்பா. நாம தோக்கலையே. ஒரு கோல்தானே கொறஞ்சிச்சு. அடுத்த வருஷம் ஏறிறலாம்."

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை வெகுநேரம் பார்த்தார்.

"ஆமா பாப்பா, ஏறிறலாம்" என்றார்.

நான் சொன்னதில்தான் அவர் தேறிவிட்டார் என்று எனக்கு ஒரே பெருமை. அவர் கையைப் பிடித்து எழுப்பி, புள்ளிக் கணக்கை முதலிலிருந்து விளக்கிச் சொல்லிக்கொண்டே வீடுவரை கூட்டிக்கொண்டு வந்தேன்.