நெஞ்சில் நின்ற சோறு

அனுப்பர்பாளையம் பக்கத்தில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் ஜெயசுதா செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வரும் சட்டைகளில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டுப்போன இடம் பார்த்து ஒதுக்கும் பெண்களுக்கு அவள்தான் தலைமை. ஆனால் கம்பெனிக்குள் அவளுக்கு இருந்த பெயர் வேலையால் வந்ததல்ல, சாப்பாட்டால் வந்தது. பி.என். ரோட்டில் எந்த வண்டிக்கடையில் காளான் மொறுமொறுப்பாக இருக்கும், பல்லடம் ரோட்டில் எந்த மெஸ்ஸுக்கு நேரத்தோடு போனால்தான் குடல் கறி மிஞ்சும், எந்த ஓட்டலில் மாஸ்டர் மாறியபின் பிரியாணி கெட்டுப்போனது என்று எதைக் கேட்டாலும் சொல்லுவாள். வெளியூரிலிருந்து சரக்கு வாங்கும் பையர் வந்தால் எங்கே சாப்பிடக் கூட்டிப்போவது என்று மேனேஜரே அவளைக் கூப்பிட்டுக் கேட்பார்.

கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டார் அவளைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப்போய் ஓட்டலில் உட்கார வைத்தார்கள். புதுப்பெண் தலையைக் குனிந்துகொண்டு பாதியை வைத்துவிடுவாள் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஜெயசுதா தன் தட்டைத் துடைத்து வைத்துவிட்டு, "இன்னொரு பிரியாணி சொல்லலாமுங்களா?" என்று கேட்டாள். மாமியாரின் முகம் போன போக்கைப் பார்த்துக் கணவன் வேல்குமார் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டான். அன்றைக்குத்தான் இவளை எனக்கு ரொம்பப் பிடித்தது என்று பின்னால் அவனே சொல்லியிருக்கிறான். அவன் துணியை நீராவியில் அழுத்திச் சீராக்கும் கம்பாக்டிங் யூனிட்டில் மெஷின் ஓட்டுகிறவன். பேச்சு குறைவு. ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியையும் மகள் வர்ஷினியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஜெயசுதா கை காட்டுகிற பக்கம் ஓட்டுவான்.

மற்ற வீடுகளில் தாய்மார்கள் தங்கள் பங்கைப் பிள்ளைகள் தட்டில் தள்ளிவிடுவது உண்டு. ஜெயசுதாவிடம் அந்தப் பழக்கமே இல்லை. வர்ஷினி சின்ன வயதில் கை நீட்டினால், "உனக்கு வேணும்னா இன்னொண்ணு சொல்லு கண்ணு, இது என்ற துண்டு" என்று தட்டை நகர்த்திக்கொள்வாள். அம்மாவும் மகளும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிறு மதியம், பல்லடம் ரோட்டு மெஸ்ஸில்தான் அது தொடங்கியது. நாட்டுக்கோழிக் குழம்பைப் பிசைந்து இரண்டாவது வாய் விழுங்கியபோது, சோறு நடுநெஞ்சில் வந்து நின்றுவிட்டது. விக்கல் இல்லை, புரை ஏறவும் இல்லை. சும்மா நின்றது. தண்ணீர் குடித்தாள். தண்ணீரும் போய் அந்தச் சோற்றின் மேல் நின்றது. நெஞ்சுக்குள் ஒரு டம்ளரை நிறைத்து வைத்ததுபோல இருந்தது. எழுந்து கை கழுவும் இடத்துக்குப் போய்க் குனிந்தபோது, விழுங்கியது அப்படியே வெளியே வந்தது. புளிப்பில்லை, கசப்பில்லை. இலையில் இருந்தபடியே சோறு.

"என்னாச்சு?" என்றான் வேல்குமார், அவள் திரும்பி வந்ததும்.

"காரம் ஏறிருச்சுங்க."

அன்று மீதியைச் சாப்பிட்டாள். மெதுவாக, ஒவ்வொரு வாயும் இறங்குகிறதா என்று உள்ளே காது கொடுத்துக்கொண்டு.

அவளுக்கு அந்த நிற்றல் புதிதல்ல. தன் உடம்பில்தான் புதிது. அவளுடைய அப்பா சிவசுப்பிரமணியம் தறி ஓட்டியவர், அவளைப் போலவே ருசி தேடிச் சாப்பிடுகிறவர். அவருக்கும் முதலில் சோறுதான் நின்றது. பிறகு கஞ்சி நின்றது. கடைசியில் இளநீரை வாயில் வைத்துக்கொண்டு, விழுங்க முடியாமல், மகளைப் பார்த்துக் கண் கலங்கி, கிண்ணத்தில் துப்பினார். உணவுக்குழாயில் புற்று. அந்தக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவள் ஜெயசுதா.

ஆகவே அவளுக்கு வரிசை தெரியும். சோறு, கஞ்சி, தண்ணீர். தனக்கோ முதல் நாளே தண்ணீரும் நின்றுவிட்டது. அப்பாவை விடத் தனக்கு வேகமாக வருகிறது என்று அவள் முடிவு கட்டினாள்.

யாரிடமும் சொல்லவில்லை. போனில் 'சோறு இறங்கவில்லை' என்று தட்டிப் பார்த்தாள். முதலில் வந்த வரியிலேயே அந்த நோயின் பெயர் இருந்தது. உடனே மூடினாள். வர்ஷினியும் அதே போனில் பாடம் பார்க்கிறவள் என்பதால், தேடியதை அழித்தும் வைத்தாள். டாக்டரிடம் போகலாம் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் அப்பா ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவர். நோயின் பெயரைக் கேட்டபின் நடந்து திரும்பவில்லை, தூக்கி வரவேண்டியிருந்தது. பெயர் தெரியாத வரைக்கும் தான் சூப்பர்வைசர், அம்மா, பெண்டாட்டி. தெரிந்தால் நோயாளி. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டாள்.

சில நாள் எல்லாம் சரியாக இறங்கும். அன்றைக்கு வெறும் வாய்வுத் தொல்லைதான் என்று மனம் லேசாகும். மறுநாள் இட்லியே நிற்கும். கம்பெனியில் மதியம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து டப்பாவைத் திறக்கும்போது, "இன்னைக்குச் சஷ்டி, விரதமுங்க" என்றாள். இன்னொரு நாள் கிருத்திகை என்றாள். அவள் குடும்பம் வழிவழியாக முருகனைக் கும்பிடுகிற நெசவாளர் குடும்பம். அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. சஷ்டியும் கிருத்திகையும் இல்லாத நாளில் முருகன் பேரில் பொய் சொல்கிறோமே என்ற பயம் வேறு சேர்ந்துகொண்டது. அதற்காகவே சில நாள் உண்மையில் பட்டினி கிடந்தாள்.

படுத்தால் உள்ளே நின்றது தொண்டைக்கு ஏறி இருமலாக வந்தது. முதுகு வலி என்று சொல்லித் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே தூங்கினாள். ஜாக்கெட்டுகள் தொளதொளத்தன. தைக்கிற டேபிளில் இருந்த நதியா என்ற திருநெல்வேலிப் பெண், "அக்கா, டயட் இருக்கியளா? நல்லா மெலிஞ்சிட்டிய! எங்களுக்கும் சொல்லுங்களேன்" என்றாள். சுற்றி இருந்தவர்களும் அழகாகிவிட்டதாகச் சொன்னார்கள். ஜெயசுதா சிரித்துவிட்டுப் பாத்ரூமுக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். கட்டி ஏதாவது தட்டுப்படுகிறதா என்று. ஒன்றும் தட்டுப்படவில்லை. அதுவும் பயமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளை நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் கேள்வி வரும். எனவே அவளே கடையைத் தேர்ந்தெடுத்தாள்: கை கழுவும் இடம் மேசையிலிருந்து தள்ளி, சுவருக்குப் பின்னால் இருக்கும் கடைகளாக. எந்தக் கடையில் கறி நன்றாக இருக்கும் என்று நகரத்தையே மனதில் வைத்திருந்தவள், இப்போது எந்தக் கடையில் யாரும் பார்க்காமல் வாந்தி எடுக்கலாம் என்று அதே நகரத்தை மனதில் வைத்திருந்தாள்.

வர்ஷினி பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். எங்கே போகலாம் என்று கேட்டதற்கு அவிநாசி ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த பெரிய ஓட்டலைச் சொன்னாள். ஏசி ஹால். கை கழுவும் தொட்டி நட்டநடுவில், எல்லோரும் பார்க்கும்படி. உள்ளே நுழைந்ததுமே ஜெயசுதா அதைத்தான் பார்த்தாள்.

மேசைக்குப் பள்ளிபாளையம் சிக்கன் வந்தது. காய்ந்த மிளகாயும் தேங்காய்த் துண்டும் சின்ன வெங்காயமுமாக, அவளுக்கு உயிரான பதார்த்தம். வர்ஷினி பரிமாறினாள். அப்பாவுக்கு, தனக்கு, அம்மாவுக்கு. வேல்குமார் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஜெயசுதா துண்டைப் பிய்த்தாள், இன்னும் சிறிதாகப் பிய்த்தாள், ஒன்றை வாயில் போட்டு வெகுநேரம் மென்றாள். விழுங்கினாள். நின்றது. சுற்றிலும் ஆட்கள். எழுந்தால் தெரிந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு, தன் தட்டில் இருந்ததை எல்லாம் அள்ளி மகள் தட்டில் வைத்தாள்.

"நீ சாப்புடு கண்ணு. எனக்குப் போதும்."

வர்ஷினி தட்டைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் அப்படியே வடிந்துவிட்டது.

"ஏம்மா, உனக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல சாமி. சாப்புடு."

"நீ எனக்குக் குடுக்க மாட்டியே. என்னைக்குமே குடுக்க மாட்டியே." அவள் குரல் உயர்ந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். "அப்பா, அம்மாவப் பாருங்கப்பா. அம்மாவுக்கு என்னமோ ஆயிருச்சு."

வேல்குமார் நிமிர்ந்து பார்த்தான். பல மாதங்களுக்குப் பிறகு முதன்முறையாகப் பார்ப்பதுபோல. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. வளையல் முழங்கை வரைக்கும் ஏறியிறங்கியது. அந்த நேரம் பார்த்து ஜெயசுதாவால் தாங்க முடியவில்லை. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்தாள்.

வெளியே, வண்டி நிறுத்துகிற இடத்தில், ஒரு வேப்பமரத்தடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும், "அப்பாவுக்கு வந்த மாதிரிதானுங்க" என்றாள்.

வேல்குமார் கை கழுவாமலே வந்திருந்தான். மசாலா காய்ந்த விரல்களைப் பார்த்தபடி நின்றான். "என்கிட்டச் சொல்லியிருக்கலாமல்லோ அம்முணி" என்றான். அவ்வளவுதான் அவனுக்கு வந்தது. வர்ஷினி அம்மாவின் முந்தானையை, சின்னக் குழந்தை பிடிப்பதுபோல, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஜெயசுதாவை உள்ளே கூட்டிப்போனபோது, வேல்குமார் அவளுடைய தாலிக்கொடியையும் வளையலையும் ஒரு பாலிதீன் பையில் வாங்கி வைத்துக்கொண்டான். மாமனாருக்குக் கடைசிக் காலத்தில் தோள் கொடுத்துத் தூக்கியவன் அவன். அந்த எடை அவனுக்கு ஞாபகம் இருந்தது. பிள்ளை பக்கத்தில் இருந்ததால் அழவும் முடியவில்லை. பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

குழாய் விட்டுப் பார்த்தவர் ஒரு பெண் டாக்டர். முடிந்ததும் ஜெயசுதாவை உட்கார வைத்துக் கேட்டார்: "மொதல்ல சோறு நின்னுச்சா, தண்ணி நின்னுச்சா?"

"ரெண்டுமேங்க. மொத நாளே ரெண்டும் நின்னுச்சு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தண்ணி பின்னாடி நிக்க ஆரம்பிச்சுதா, இல்ல அன்னைக்கேவா?"

"அன்னைக்கேதானுங்க. அதனாலதான் எனக்குப் பயமே. அப்பாவுக்குத் தண்ணி கடைசியாத்தான் நின்னுச்சு."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். "உள்ள கட்டி மாதிரி எதுவும் கண்ணுக்குத் தெரியலைம்மா. சதை கொஞ்சம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கோம், அது வர்ற வரைக்கும் நான் எதையும் உறுதியாச் சொல்ல மாட்டேன். ஆனா கட்டியா இருந்தா வழக்கமா சோறுதான் முதல்ல நிக்கும். தண்ணியும் சேர்ந்தே நிக்குதுன்னா வேற ஒண்ணா இருக்கலாம். உணவுக்குழாயோட அடியில வயித்துக்குப் போற வழியில ஒரு தசை இருக்கு. விழுங்கறப்போ அது தானாத் திறக்கணும். உங்களுக்குத் திறக்கலையோன்னு தோணுது."

அவள் எதைக் கண்டு அதிகம் பயந்தாளோ அதிலேயே நம்பிக்கைக்கு ஒரு சிறிய வழி இருந்தது. ஆனால் ஜெயசுதாவால் அதை நம்ப முடியவில்லை. டாக்டர்கள் அப்பாவிடமும் முதலில் நல்ல வார்த்தைதான் சொன்னார்கள்.

சோதனை முடிவு வரும்வரை வீடு வீடாக இல்லை. வேல்குமார் வேலைக்குப் போய் மெஷின் முன்னால் நின்று, போன் அடித்தால் பதறினான். வர்ஷினி அம்மா கஞ்சி குடிக்கும்போதெல்லாம் எதிரில் வந்து உட்கார்ந்து, அவள் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்தாள். "ஏங்கண்ணு இப்படிப் பாக்குற, எனக்கு இன்னும் பயமாகுது" என்றாள் ஜெயசுதா. "எனக்குப் பாக்காம இருந்தாப் பயமா இருக்கும்மா" என்றாள் மகள். ஒருநாள் ஜெயசுதா பீரோவைத் திறந்து, எந்தப் புடவை வர்ஷினிக்கு, எது நாத்தனாருக்கு என்று மனதுக்குள் பிரித்துக்கொண்டிருப்பதைத் தானே உணர்ந்து, கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முடிவு வந்தது. புற்று இல்லை.

அந்த வார்த்தையைக் கேட்டதும் வேல்குமார் எழுந்து நின்று டாக்டரைக் கும்பிட்டான். பிறகு ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான். ஜெயசுதாவுக்குச் சந்தோஷம் உடனே வரவில்லை. இத்தனை நாள் கெட்டியாகப் பிடித்திருந்த பயத்தைக் கை விடச் சொன்னால், கை விரிய மறுத்தது. கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வெள்ளை மருந்தைக் குடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, தண்ணீரை மிடறு மிடறாக விழுங்கச் சொன்னார்கள். தசைதான் திறக்கவில்லை என்பது உறுதியானது. வயிற்றைக் கிழிக்காமல், வாய் வழியாகவே கருவியை விட்டு அந்தத் தசையை அறுத்துத் தளர்த்தினார்கள்.

மயக்கம் தெளிந்தபின் அவளுக்கு முதலில் கொடுத்தது தண்ணீர். டம்ளரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமல் இருந்தாள். நர்ஸ், "குடிங்கக்கா" என்றாள். வேல்குமார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒரு மிடறு. அது குளிர்ச்சியாக நெஞ்சைத் தாண்டி, நிற்காமல், வயிற்றுக்குள் போய் விழுந்தது. இன்னொரு மிடறு. "போகுதுங்க" என்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.

முழுசாகக் குணமாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. நெஞ்செரிச்சல் வரலாம், தசை மறுபடி இறுகலாம், வருடா வருடம் வந்து காட்ட வேண்டும் என்றார்கள். நேராக உட்கார்ந்து, மென்று, தண்ணீரோடு சாப்பிட வேண்டும். சாப்பிட்டதும் படுக்கக் கூடாது. சில வாரம் குழைந்த சோறு, ரசம், பிறகு அரிசிம்பருப்புச் சாதம், பிறகு இடியாப்பம் போன்ற சந்தகை. கம்பெனியில் நதியாவிடம் நடந்ததைச் சொன்னாள். டயட் என்று கேட்ட அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து, யாராவது சாப்பிடாமல் டப்பாவை மூடினால், செக்கிங் டேபிளில் எல்லோரும் விசாரிக்கிறார்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் மறுபடி வெளியே போகிறார்கள். முதல் வாய் இறங்கும்வரை யாரும் பேசுவதில்லை. போன மாதம் அனுப்பர்பாளையத்தில் ஒரு சின்னக் கடையில் பரோட்டா சாப்பிடும்போது, ஒரு துண்டு நெஞ்சில் தயங்கியது. ஜெயசுதா கையை மேசைமேல் வைத்தாள். வர்ஷினியின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. வேல்குமார் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழத் தயாரானான். கடைக்காரர் கல்லில் முட்டையை உடைத்து ஊற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

ஜெயசுதா தண்ணீர் எடுத்துக் கொஞ்சமாகக் குடித்தாள். காத்திருந்தாள்.

"எறங்கிருச்சு" என்றாள்.

வேல்குமார் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டான். நெற்றியைத் துடைத்துவிட்டு, கடைக்காரரிடம் சால்னா கேட்டான்.