ஜோஸ்பின் போட்ட ஜாமீன்

திண்டுக்கல்லில் கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில், தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக டைப்பிங் கடைகள். மூன்றாவது கடை ஜோஸ்பினுடையது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வருகிறவர்கள் உட்கார இரண்டு ஸ்டூல். இருபத்தாறு வருடமாக அடுத்தவர்களின் மனுக்களை அடித்து அடித்து, சட்டம் படிக்காமலே சட்டம் அவள் விரலில் ஏறியிருந்தது. வயது ஐம்பத்தொன்று. கணவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது.

மேட்டுப்பட்டியில் அவள் குடியிருந்த தெருவில் யாருக்கு என்ன சிக்கல் என்றாலும் வக்கீலிடம் போகுமுன் அவளிடம்தான் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால் வாசலில் யாராவது நிற்பார்கள்.

"ஏன் ஜோஸ்பினு, எங்க கோழி பக்கத்து வீட்டு விறகுக்குள்ள போயி முட்டையிடுது. அவுக எடுத்துப் பொரிச்சுத் திங்கிறாக. கேட்டா, எங்க எடத்துல இட்டது எங்களுக்குத்தாங்கிறாக. இது நியாயமா?" என்று ஒருநாள் நசீம் பானு வந்தாள்.

"கோழி ஒன்னுதுன்னா முட்டையும் ஒன்னுதுதான். ஆனா ஒங் கோழி அவுக வெதச்ச கீரைய எல்லாம் கிண்டிட்டு வருதுல்ல, அதுக்கும் நீதான் பொறுப்பு. முட்டையக் கேட்டு வாங்கிட்டு கீரைக்குப் பதில் சொல்லப் போறியா, இல்ல கோழியக் கட்டிப் போடப் போறியா?"

நசீம் பானு கோழியைக் கட்டிப் போட்டாள். அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்குத் தன்னை அழைக்கவில்லை என்று குமுறிக்கொண்டு வந்த இன்னொருத்தியிடம், "கூப்பிடாம இருக்க அவருக்கு உரிமை இருக்கு. வருத்தப்பட ஒனக்கு உரிமை இருக்கு. ரெண்டுக்கும் கோர்ட்டு கெடையாது. நீயா ஒரு போன் போடு" என்றாள். ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடலாமா என்று யோசனை கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் ஒரே பதில்தான். "அந்தாளக் காதப் புடிச்சு இழுத்துட்டு வந்து ஜட்ஜு முன்னாடி நிறுத்த முடியுமா? முடியாதுன்னா போடாத. கூடப் பொறந்தவனா இருந்தாலும் போடாத."

அப்படிச் சொன்னவள்தான் அடுத்த வீட்டு மகேஸ்வரியின் புருஷனுக்குக் கையெழுத்துப் போட்டாள்.

பேச்சிமுத்து லோடு வேன் ஓட்டுகிறவன். முன்கோபி. ஒட்டன்சத்திரத்துப் பக்கம் வண்டி நிறுத்துகிற தகராறில் ஜாக்கிக் கம்பியை எடுத்து ஒருவனை அடித்துவிட்டான். அவனுக்குக் கை முறிந்துவிட்டது. வழக்காகி, பேச்சிமுத்து உள்ளே போனான். ஜாமீன் கிடைத்தது. ஆனால் சொந்த வீடு உள்ள இரண்டு பேர் பொறுப்பேற்க வேண்டும். மகேஸ்வரியின் அண்ணன் ஒருவன் வந்தான். இன்னொருவருக்கு அவள் தெருத்தெருவாக அலைந்தாள். ஜோஸ்பின் வாசலுக்கு மட்டும் வரவில்லை. வந்து கேட்டிருந்தால் ஜோஸ்பின் ஒருவேளை மறுத்திருப்பாள்.

ஜோஸ்பினின் கணவர் கடைசி மூன்று மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, பகலெல்லாம் கஞ்சி கொடுத்து, புரட்டிப் படுக்கவைத்து, துணி மாற்றியவள் மகேஸ்வரி. அப்போது கல்யாணமாகி வந்து ஆறு மாதம்கூட ஆகாத பெண். அதனால்தான் ஜோஸ்பின் கடையை மூடாமல் இருக்க முடிந்தது. இதை மகேஸ்வரி ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஜோஸ்பினுக்குப் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

யாரும் கேட்காமலே ஜோஸ்பின் தானே பிரமாணப் பத்திரத்தை அடித்தாள். 'வழக்கு முடியும்வரை மேற்படி வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ மாட்டேன் என உறுதி கூறுகிறேன்' என்ற வரியை எத்தனையோ பேருக்கு அடித்திருக்கிறாள். இந்த முறை அதற்குக் கீழே அவள் பெயர் வந்தது.

எட்டு மாதம் ஒழுங்காகப் போனது. பிறகு கோயம்புத்தூரிலிருந்து மகள் ரெஜினா கூப்பிட்டாள். "கை வலி கை வலின்னு எத்தன நாளும்மா டைப் அடிப்ப? இங்க வந்துரு. மாடி காலியா இருக்கு." ஜோஸ்பினின் வலதுகை விரல்கள் காலையில் மடங்க மறுத்தன. போய்விடலாம் என்று அவளுக்கும் ஆசை வந்தது. வீட்டை வாங்கிக்கொள்ள ஓய்வு பெற்ற ஆசிரியர் ராயப்பராஜ் தயாராக இருந்தார். மாதா கோவிலுக்குப் பக்கம் வீடு வேண்டும் என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். "வழக்கு இந்த வருசத்துல முடிஞ்சுரும் சார், செத்தப் பொறுங்க" என்றாள் ஜோஸ்பின்.

அந்த மாதம்தான் பேச்சிமுத்து வாய்தாவுக்கு வராமல் போனான். அடுத்த வாய்தாவுக்கும் வரவில்லை. மூன்றாவது முறை பிடிவாரண்டு பிறப்பித்தார்கள். ஆளைக் கொண்டுவந்து நிறுத்தாததற்குக் காரணம் கேட்டு ஜோஸ்பினுக்கு நோட்டீஸ் வந்தது. அப்படிப்பட்ட நோட்டீசுகளுக்கு அவள் பதில் அடித்துக் கொடுத்திருக்கிறாள். தன் கையில் பிடித்தபோது முதல் வரிக்கு மேல் படிக்க ஓடவில்லை.

மகேஸ்வரியிடம் கேட்டாள். "சத்தியமாத் தெரியாதுக்கா. போன எடுக்க மாட்டேங்குறாரு. லாரியில வடக்க போயிட்டாருன்னு சொல்றாக."

தை பிறந்து நாலு நாள் கழித்து, மகேஸ்வரி சுவருக்கு மேலாக ஒரு கிண்ணம் பச்சை மொச்சை நீட்டினாள். "வெஞ்சனத்துக்கு வச்சுக்கோங்கக்கா." பறித்து ஒருநாள்கூட ஆகாத காய். ஜோஸ்பின் உரித்துக்கொண்டே யோசித்தாள். இவர்களுக்கு நிலம் கிடையாது. பேச்சிமுத்துவின் அக்காளுக்குத்தான் குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரிக் காடு. அந்த அக்காளுக்கும் மகேஸ்வரிக்கும் பேச்சுவார்த்தை நின்று இரண்டு வருடமாகிறது. அப்படியிருக்க, இதைக் கொண்டுவந்து கொடுத்தது யார்?

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு குஜிலியம்பாறைக்கு பஸ் ஏறினாள். காட்டில், ஆட்டுக் கிடைக்கு வேலி கட்டிக்கொண்டிருந்தான் பேச்சிமுத்து. அவளைக் கண்டதும் ஓடவில்லை. கையிலிருந்த முள்ளைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"மறுபடி உள்ள போனா செத்துருவேங்க்கா. அந்த ரூமுல மூச்சு முட்டுது. தண்டன குடுத்துருவாகன்னு வண்டிக்காரப் பயலுக எல்லாம் சொல்றானுக."

"இன்னும் சாட்சியே விசாரிக்கல. அதுக்குள்ள தண்டன எங்கிட்டு இருந்து வரும்? இங்க பாரு பேச்சி. நீயா வந்து நின்னா வாரண்ட ரத்து பண்ணச் சொல்லிக் கேக்கலாம். முடியாமக் கெடந்தேன், வர ஏலலன்னு வக்கீல் பிரபு சார் பேசுவாரு. போலீசு புடிச்சுட்டு வந்தா அப்படிப் பேச முடியாது. ரெண்டும் ஒண்ணாத் தெரியும், ஒண்ணு இல்ல."

"வாரேங்க்கா."

"செவ்வாக்கிழம. பத்து மணிக்கு என் கடைக்கு வந்துரு."

"கண்டிப்பா வாரேங்க்கா."

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஸ்டூல் காலியாக இருந்தது. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான்கு மணிக்கு வக்கீல் பிரபு வந்து, "மனுப் போட்டுருங்கம்மா. இதுக்கு மேல இருந்தா வம்பு உங்க தலையில" என்றார்.

ஜாமீன் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள மனுக் கொடுக்கலாம். கொடுத்தால், ஆளைப் பிடித்துக் கொண்டுவரச் சொல்லி கோர்ட்டு போலீசை நெருக்கும். அவன் கொண்டுவரப்பட்டால் அவள் விடுபடுவாள். வேறு ஆள் கிடைக்காவிட்டால் அவன் உள்ளே போவான். அவள் வெளியே வருகிற வாசலும் அவன் உள்ளே போகிற வாசலும் ஒன்றாக இருந்தது. அன்றைக்கு அந்த மனுவை அடிக்க அரைமணி நேரம் பிடித்தது. விரல் வலி ஒரு காரணம்.

மூன்றாம் நாள் ஒரு ஏட்டய்யா கடைக்கு வந்தார். "ஆளு எங்க இருக்கான்னு ஒங்களுக்குத் தெரியுமாம்மா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரே சொல். ஆனால், 'மேலே கண்டவை யாவும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை' என்று வாழ்நாள் முழுக்க அடித்த கை அவளுடையது. தெரியாது என்றால் பொய். பேசாமல் இருந்தாலும் இந்த இடத்தில் அது பொய்தான். சொன்னாள்.

அன்று சாயங்காலமே அவனைப் பிடித்துவிட்டார்கள். மகேஸ்வரி வந்து கதவைத் தட்டவில்லை. பின்பக்கம் நின்று, சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே பேசினாள்.

"மொச்சக்காயி குடுத்தது தப்புக்கா. திங்கக் குடுத்தேன். நீங்க சாட்சியா எடுத்துக்கிட்டீக."

ஜோஸ்பினிடம் பதில் இருந்தது. எத்தனை வாய்தா காத்திருந்தாள், எத்தனை தூரம் பஸ்ஸில் போனாள், அவன் வாக்குக் கொடுத்துவிட்டு வரவில்லை. எல்லாம் வரிசையாக இருந்தது. உள்ளே போய்ப் பின்கதவைச் சாத்தினாள்.

அதற்குப் பிறகு தெரு மாறிப்போனது. யாரும் சண்டைக்கு வரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் யாரும் நிற்கவில்லை. நசீம் பானுகூடத் தலையசைத்துவிட்டுப் போய்விடுவாள். மகேஸ்வரியின் இரண்டு பெண் குழந்தைகளும் பள்ளிக்கூடம் போகும்போது அவள் வீட்டைத் தாண்டும்வரை பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். சட்டப்படி ஜோஸ்பின் இப்போது விடுபட்டவள். ராயப்பராஜ் இரண்டு முறை வந்து போனார். பத்திரம் எழுத நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. "ஒரு வாரம் போகட்டும் சார்" என்றாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள்.

இருபது நாள் கழித்து மகேஸ்வரி கடைக்கு வந்தாள். முகத்தைப் பார்க்காமல் காகிதக் கட்டை மேசையில் வைத்தாள். "ஜாமீன் மனு அடிக்கணும். பிரபு சார் குடுத்து விட்டாரு. வேற கடையில கூட்டமா இருக்கு."

வேறு கடையில் கூட்டமே இல்லை. ஜோஸ்பின் அடித்தாள். மனு ஏற்கப்பட்டது. மறுபடியும் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அண்ணன் ஒருவன் வந்தான். இன்னொருவர் கிடைக்கவில்லை. அந்த ஜோஸ்பினே விலகிக்கொண்ட ஆளுக்கு யார் நிற்பார்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அவள் தெருவுக்குச் சொல்லிக்கொடுத்த கேள்வி அது.

ஜாமீன் கிடைத்தும் ஆறு நாள் பேச்சிமுத்து உள்ளேயே இருந்தான். ஏழாம் நாள் ஜோஸ்பின் வீட்டு வரி ரசீதை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குள் போனாள்.

மாஜிஸ்திரேட் அம்மா காகிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நீங்கதானம்மா போன மாசம் விலகிக்கிறேன்னு மனுப் போட்டீங்க? இப்ப அதே ஆளுக்கு மறுபடியும் வர்றீங்க. எப்படி நம்புறது?"

ஜோஸ்பின் ஓரடி முன்னால் வந்தாள். இருபத்தாறு வருடத்தில் கூண்டுப் பக்கம் நின்று பேசியது அதுதான் முதல் தடவை. "ஜாமீன் போடுறவுக வேல ஆளக் கொண்டாந்து நிறுத்துறதுங்கம்மா. போன தடவ நான் மனுப் போட மாட்டேன்னு அவன் நெனச்சான். நானும் அப்படித்தான் நெனச்சேன். இப்ப அவனுக்குத் தெரியும். வரலன்னா மறுபடியும் மனுப் போடுவேன்."

மாஜிஸ்திரேட் வரி ரசீதை இன்னொரு முறை புரட்டிப் பார்த்தார். பிறகு ஏற்றுக்கொண்டார்.

ரெஜினாவிடம் போனில் சொன்னபோது மகள் கத்தினாள். "ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? வெளிய வந்துட்டு மறுபடியும் போயித் தலையக் குடுத்துருக்க! எப்பம்மா வருவ?" ராயப்பராஜ் வடமதுரையில் வேறு வீடு பார்த்துக் குடிபோய்விட்டார்.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அடிபட்டவன் இரண்டு முறை சாட்சி சொல்ல வரவில்லை. ஒருமுறை வக்கீல்கள் புறக்கணிப்பு. ஒருமுறை மாஜிஸ்திரேட் மாறுதல். வழக்கு வாய்தாவிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. பேச்சிமுத்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒன்பதரைக்கே வந்து அவள் கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிடுகிறான். பேர் கூப்பிடும்வரை வாய் திறப்பதில்லை. பிரிண்டருக்குக் காகிதம் வைக்கச் சொன்னால் வைக்கிறான். மகேஸ்வரி பேசுகிறாள், தேவைக்கு மட்டும். சுவருக்கு மேலாக எதையும் நீட்டுவதில்லை.

ஜோஸ்பினின் விரல்கள் இன்னும் மோசமாகிவிட்டன. காலையில் வெந்நீரில் கையை முக்கி வைத்துக்கொண்டு, நாட்காட்டியில் அடுத்த வாய்தாத் தேதியைப் பார்க்கிறாள். தேதிக்கு முந்தின நாள் மகேஸ்வரி வீட்டுப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள், பேச்சிமுத்து இருமுகிற சத்தம் கேட்கிறதா என்று. கேட்ட பிறகுதான் சோறு இறங்குகிறது.